கயித்தை ரெட்டையாப் போட்டவன்

போன் அடிக்கட்டும் அண்ணாச்சி. நீங்க கண்டுக்கிடாதீங்க. மெல்டன்தான். ரெண்டு நாளா இப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டே கெடக்கான். எடுக்க மாட்டேன். சத்தத்தையும் குறைக்க மாட்டேன். அவன் கூப்பிடுதது என் காதுல விழணும், நான் எடுக்காதது அவனுக்கு உறைக்கணும். அதுல ஒரு சுகம் இருக்கு பாத்துக்கிடுங்க.

கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்துக்கிடுதீங்களா? எனக்கில்ல, இந்தப் பைக்கு. உள்ள கோட்டு இருக்கு. மடிச்சா போச்சுன்னு டெய்லர் சொல்லியிருக்காரு. மதுரை ஏர்போர்ட்ல இறங்குனதுல இருந்து கைப்பிள்ளை மாதிரி மடியில வச்சுக்கிட்டு வாரேன். கண்டக்டர் பாத்த பார்வைக்கு இதுக்கும் அரை டிக்கெட் போட்டுருவாரோன்னு நெனச்சேன்.

கல்யாணமான்னு கேக்குதீங்க. ஆமா, கல்யாணம் இருக்கு. நாளைக்குக் காலைல தூத்துக்குடியில. இப்பக் கூப்பிட்டான்லா, அவனுக்குத்தான். என் பேரு லெஸ்லி. அவனும் நானும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. துரோகின்னு ஒரு வார்த்தை இருக்குல்லா, அதை நான் சினிமா வில்லனுக்குத்தான் வச்சிருந்தேன். இப்ப இவனுக்குக் குடுத்துட்டேன்.

எங்க ஆளுகள்ல மாதா கோயில்ல கல்யாணம் நடக்கும்போது மாப்பிள்ளை பக்கத்துல தோழன்னு ஒருத்தன் நிப்பான். மோதிரத்தைப் பத்திரமா வச்சுக்கிடணும், மாப்பிள்ளைக்கு வேர்த்தா கர்ச்சீப் நீட்டணும், கடைசியில சாட்சிக் கையெழுத்துப் போடணும். அவனுக்கு நான், எனக்கு அவன். ஏழாங்கிளாஸ்லயே பேசி முடிச்சது. போன கிறிஸ்மஸுக்கு அவனுக்கு நிச்சயம் ஆனப்ப ஒரே பீஸ் துணியில வெட்டி ரெண்டு கோட்டு தச்சோம். அதுல ஒண்ணுதான் இது. தூத்துக்குடியில தச்சு, ஜெர்மனி போயிட்டு, திரும்பி வருது. எதையும் முடிக்காததுல என்னையே தோக்கடிச்ச ஒரு பொருள் உலகத்துல உண்டுன்னா இந்தக் கோட்டுதான். இன்னும் ஒரு நாள்கூட போடல.

ஜெர்மனிக்கு ரெண்டு பேரும் படிக்கத்தான் போனோம். அவன் படிச்சான். நான் ரெண்டாவது செமஸ்டர்ல நின்னுட்டேன். அதுக்கு முன்னால இங்க ஒரு காலேஜ், அதுக்கும் முன்னால ஒரு டிப்ளமா. எனக்கு ஒரு எடத்துல குந்துனா குதிகால் அரிக்கும். பீட்சா டெலிவரி பாத்தேன், குடோன்ல பெட்டி தூக்குனேன், நாய் மேய்ச்சேன். நாய்க்கு நல்ல சம்பளம் அண்ணாச்சி. நாயை மேய்க்கறவனுக்குத்தான் கம்மி.

அங்க நிஷாந்தன்னு ஒரு யாழ்ப்பாணத்து ஆளு பழக்கமானாரு. சின்ன வயசுல அங்க வந்து செட்டிலான குடும்பம். பாய்மரப் படகு ஓட்ட லைசென்ஸ் வச்சிருக்காரு. வருஷா வருஷம் கோடையில அவரும் அவரு பொஞ்சாதி தர்சினியும் கிரீஸுக்குப் போயி படகை வாடகைக்கு எடுத்து தீவு தீவா சுத்துவாங்க. இந்த வருஷம் கூட ரெண்டு ஆளு வேணும்னாரு. மெல்டன் என்னைக் கூட்டிட்டுப் போனான். "கல்யாணத்துக்கு முன்னால கடைசியா ஒரு ஊர்சுத்தல்லே"ன்னான். அவன்தான் கூட்டிட்டுப் போனான், அதை ஞாபகம் வச்சுக்கிடுங்க. நானா போகல.

நிஷாந்தன் என்கிட்ட கேட்டாரு, "தம்பி, உமக்குக் கடல் பழக்கமோ?"

"அண்ணே, நாங்க தூத்துக்குடி. எங்க வீட்டுல குழாயைத் தொறந்தாலே கடல்தான் வரும்"னேன்.

மெல்டன் சிரிக்கல. அப்பவே யோசிச்சிருக்கணும்.

உங்கள்ட்ட மட்டும் ஒண்ணு சொல்லுதேன். நீங்க யாரோ, நான் யாரோ, அதனால சொல்லலாம். எனக்கு நீச்சல் தெரியாது. சின்னப்ப முயல் தீவுப் பக்கம் குளிக்கப் போயி முங்கிட்டேன். மெல்டன்தான் மயித்தைப் பிடிச்சு இழுத்துக் கரையில போட்டான். யார்ட்டயும் சொல்லாதலேன்னு சத்தியம் வாங்குனேன். இன்னைக்கு வரைக்கும் அவன் வீட்டுலகூட சொல்லல. அந்த ஒரு விஷயத்துல நல்லவன். மத்தபடி துரோகி.

சரி, தீவுக்கு வாரேன். நக்ஸோஸ்னு ஒரு பெரிய தீவு. அதுக்குத் தெக்கயும் கிழக்கயும் சிறுசு சிறுசா தீவுங்க. இராக்லியா, ஸ்கினூஸா, கூஃபோனிசி, எல்லாம் மருந்துக்கடையில சீட்டைக் காட்டி வாங்குத பேரு. ஒரு தீவுல மனுசங்களவிட ஆடு ஜாஸ்தி. தண்ணி மட்டும் அண்ணாச்சி, அப்படி ஒரு நீலம். பாட்டில்ல பிடிச்சு வச்சா சொட்டு நீலம்னு வித்துரலாம். அப்புறம் காத்து. கோடை முழுக்க வடக்க இருந்து அடிக்கும். அவங்க அதுக்கு ஒரு பேரு சொன்னாங்க, நான் வாடைன்னே சொன்னேன். வாடை எங்க போனாலும் வாடைதான்.

படகுல நிஷாந்தனுக்கு ஆயிரம் சட்டம். செருப்பைக் கழட்டிக் கூடையில போடணும். முன்பக்கம் போறதுன்னா சொல்லிட்டுப் போகணும். அலை ஏறுச்சுன்னா இடுப்புல வாரைப் போட்டுக் கொக்கியை மாட்டிக்கிடணும். "முன்னுக்குப் போறதெண்டா சத்தமாச் சொல்லிப்போட்டுப் போம்." ஒவ்வொரு தடவையும் இதே பாட்டு. நான் கக்கூஸுக்குப் போகும்போதும் அட்டென்ஷன்ல நின்னு, "லெஸ்லி முன்னுக்குப் போறான்"னு கத்திட்டுப் போவேன். மொத நாள் தர்சினி சிரிச்சாங்க. ரெண்டாம் நாளும் கொஞ்சம் சிரிச்சாங்க.

எனக்கு அந்தப் படகுல ஒரு வேலை இருந்துச்சு. அதுதான் முக்கியம், கேட்டுக்கிடுங்க. அங்க படகை நிப்பாட்டுறது நம்ம ஊரு மாதிரி இல்ல. முன்னால நங்கூரத்தைப் போட்டுட்டு, பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸை விடுத மாதிரி ரிவர்ஸ்லயே போயி, பின்பக்கத்தைத் துறைச் சுவரை ஒட்டி நிப்பாட்டணும். பின்னால ரெண்டு கயிறு, கரையில இருக்க இரும்பு வளையத்துல கட்டணும். கிளம்பும்போது ஒருத்தன் கரையில நின்னு முடிச்சை அவுத்து, கயித்தைப் படகுக்குள்ள வீசிட்டு, படகு நகரும்போது தாவி ஏறணும். தாவுறவன் நான். பக்கத்துப் படகுல வெள்ளைக்காரப் பிள்ளைங்க எல்லாம் பாக்கும். ஒரு தடவை ஒரு கிழவி கைதட்டுச்சு.

நிஷாந்தனுக்கு அது பிடிக்கல. "இது தேவையில்லாத வேலை தம்பி. கயித்தை ரெட்டையாப் போட்டால் காணும்"னாரு. காணும்னா அவங்க பாஷையில போதும். அதாவது, கயித்தை வளையத்துல கட்டாம சும்மா உள்ள விட்டு, மறுநுனியையும் படகுலயே கொண்டாந்து கட்டிருவாங்க. கிளம்பும்போது படகுல இருந்தபடியே ஒரு நுனியை விட்டா, கயிறு தானா உருவிக்கிட்டு வந்துரும். கரையில ஆளே வேண்டாம்.

"அப்ப எனக்கு என்ன வேலைண்ணே? படகுக்கு நான் எதுக்கு?"ன்னு கேட்டேன். மெல்டன் நடுவுல புகுந்து, "விடுங்கண்ணே, அவன் ஆசைக்குத் தாவட்டும். நான் பாத்துக்கிடுதேன்"னான். பாத்துக்கிடுதேன்னா என்ன தெரியுமா? நான் தாவி விழும்போது பின்னால நின்னு என் சட்டைக் காலரைப் பிடிச்சுக்கிடுவான். ஒவ்வொரு தடவையும். கிழவி கைதட்டும்போது ஒருத்தன் நம்மளைப் பூனைக்குட்டி மாதிரி பிடிச்சுக்கிட்டு நின்னா எப்படி இருக்கும்? எரிச்சலா இருக்கும். சொல்லியும் கேக்கல.

கடலை எடுத்துக்கிடுங்க. வறுகடலைதான், பல்லுக்கு ஒண்ணும் செய்யாது.

நான் இல்லன்னா அந்தப் படகு செத்த வீடு அண்ணாச்சி. காப்பியில உப்பைப் போட்டேன். படகுல கிரீஸ் நாட்டுக் கொடி ஒண்ணு ஏத்தி வைப்பாங்க, ஒரு நாள் அதுக்குப் பதிலா நிஷாந்தனோட டவுசரை ஏத்துனேன். ஒரு துறைமுகத்துக்குள்ளயே டவுசரோட போயிட்டோம். துறைமுகத்து ஆபீசர் விசாரிக்க வந்துட்டாரு. இதுல கோவப்பட என்ன இருக்கு? சொல்லுங்க.

"தம்பி, கரையில எவ்வளவு பகிடியும் விடும். கடலில வேண்டாம்"னாரு நிஷாந்தன். பகிடின்னா அவங்க பாஷையில கிண்டல்.

"அண்ணே, நாம கரைக்குப் போறதே கொஞ்ச நேரம்தான"ன்னேன். நியாயமான கேள்விதான?

அப்புறம் அந்த நாள். அமோர்கோஸ் தீவுக்குப் போற வழி. வாடை நல்லா அடிக்கி. பாயைப் பாதி சுருட்டித்தான் ஓட்டுறோம். படகு ஒருக்களிச்சு ஓடுது, எல்லாரு மூஞ்சியும் உம்முனு இருக்கு. எனக்கு மனசு பொறுக்கல. ஏதாவது செஞ்சு சிரிக்க வைக்கணும். படகோட மூக்குல ஒரு குழி இருக்கு, பாய் மூட்டை எல்லாம் போட்டு வைக்கது. மேல மூடி. ஒரு ஆளு மடங்கி உக்காரலாம். நிஷாந்தன் பின்னால சுக்கான் பிடிச்சுக்கிட்டு இருக்காரு, தர்சினி அவரு பக்கத்துல, மெல்டன் கயித்தைச் சுத்திக்கிட்டு இருக்கான். நடுவுல பாய் மறைக்குது. நான் சத்தமே போடாம முன்னால தவழ்ந்து போனேன். சிவப்புத் தொப்பி ஒண்ணு எப்பவும் போட்டிருப்பேன், அதைக் கழட்டித் தண்ணியில விட்டேன். குழிக்குள்ள இறங்கி மூடியை இழுத்துக்கிட்டேன்.

ஐடியா எப்படி? சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஐடியா.

மொதல்ல தர்சினி கத்துனாங்க, தொப்பியைப் பாத்துட்டு. அப்புறம் மெல்டன், "லெஸ்லி"ன்னு ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம்தான். அப்புறம் தொம்முனு தண்ணியில என்னமோ விழுந்துச்சு. மிதவை வளையத்தை வீசுதாங்கன்னு நெனச்சேன். நிஷாந்தன் ஆர்டர் போடுதாரு, "தர்சினி, கையை நீட்டிக்கொண்டே இரு, கண்ணை எடுக்காதை." அது ஒரு சட்டம் அவங்களுக்கு. ஆளு விழுந்தா ஒருத்தர் வேற எதுவுமே செய்யாம விழுந்த எடத்தைக் கைகாட்டிக்கிட்டே நிக்கணும், கண்ணை எடுத்தா அலையில தொலைஞ்சிரும். பாய் படபடன்னு அடிக்குது, இன்ஜின் சத்தம் கேக்குது. எனக்கு உள்ள சிரிப்பை அடக்க முடியல. வாயில பாய்த்துணியைக் கவ்விக்கிட்டுக் கெடந்தேன். கொஞ்சம் சூடு ஏறட்டும், சரியான நேரத்துல வெளிய வரணும், அதுதான் கலை.

மூடியைத் தூக்கிட்டு, ரெண்டு கையையும் விரிச்சு, "லெஸ்லி முன்னுக்குத்தான் இருக்கான்"னேன்.

ஒருத்தரும் சிரிக்கல. தர்சினி திரும்பிக்கூட பாக்கல. நீட்டுன கை நீட்டுனபடியே இருக்கு. அழுதுக்கிட்டே கைகாட்டுதாங்க. நான்தான் இங்க இருக்கேனே, யாருக்குக் கைகாட்டுதாங்கன்னு பாத்தா, மெல்டனைக் காணல.

அந்த மடையன் குதிச்சிருக்கான் அண்ணாச்சி.

இடுப்புல வாரு இல்ல, மிதவைச் சட்டை இல்ல. அப்படியே குதிச்சிருக்கான். நீங்களே சொல்லுங்க, லைசென்ஸ் வச்சிருக்க நிஷாந்தன் குதிச்சாரா? இல்ல. தர்சினி குதிச்சாங்களா? இல்ல. வளையத்தை வீசுனாங்க, படகைத் திருப்புனாங்க, முறைப்படி செஞ்சாங்க. கடல்லயே பொறந்து வளந்தவன் விழுந்துட்டான், அவனுக்கு நீந்தத் தெரியாதா, கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பான்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கை. இவனுக்கு மட்டும் என்ன அவசரம்? சின்ன வயசுல இருந்து பழகுனவன், என் மேல நம்பிக்கை இல்ல பாருங்க.

அலைக்கு நடுவுல தலை தெரியும், அப்புறம் தெரியாது. என் தொப்பி இருந்த பக்கமா நீந்திப் போயி, அங்கன முங்கி முங்கிப் பாக்குதான். படகு காத்துக்கு எதிர திரும்பி வரதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. ஏன்னா நான் கண்ணை மூடிட்டேன். உப்புத்தண்ணி அடிச்சுச்சு, அதனால.

ஏணியைப் போட்டு ஏத்துனோம். உதடு நீலமா இருக்கு. நான் கையை நீட்டுனேன். என் கையைப் பிடிக்கல. தர்சினி கையைப் பிடிச்சு ஏறுனான். ஏறி, குடிச்ச தண்ணியெல்லாம் வாந்தி எடுத்துட்டு, என்னைப் பாத்தான். சூழ்நிலையை லேசாக்கணும்லா, "என்னலே, மீனு ஏதாச்சும் மாட்டுச்சா?"ன்னு கேட்டேன். அவன் வலது கையை விரிச்சான். என் தொப்பி. அதைத் தரையில போட்டுட்டு உள்ள போயிட்டான்.

அதுக்கப்புறம் பேச்சே இல்ல. அமோர்கோஸ்ல கட்டபோலான்னு துறைமுகம். பேரைக் கேட்டா கட்டபொம்மனுக்குச் சொந்தக்காரன் மாதிரி இல்ல? இதை நான் படகுல சொன்னேன். ஒரு சிரிப்பு கெடையாது. ரெண்டு நாளு அங்கன கட்டிப் போட்டிருந்தோம். நான் கூப்பிட்டா மெல்டன், "ம்", அவ்வளவுதான். நிஷாந்தனும் அவனும் கரையில நடந்து நடந்து பேசுனாங்க. நான் பக்கத்துல போனா நிப்பாட்டிருவாங்க. கல்யாண விஷயம் போலன்னு நெனச்சேன். தோழனுக்கு என்ன பரிசு குடுக்கன்னு பேசுதாங்கன்னுகூட நெனச்சேன், சிரிக்காதீங்க.

ரெண்டாம் நாள் சாயங்காலம் மெல்டன் குனிஞ்சு பின்கயித்தை மாத்திக் கட்டிக்கிட்டு இருந்தான். பாத்தா, ரெட்டையாப் போடுதான். ரெண்டு கயித்தையும்.

எனக்கு மனசு குளுந்து போச்சு அண்ணாச்சி. அந்தக் குழிக்குள்ள மடங்கிக் கெடந்ததுல எனக்குக் கணுக்கால் சுளுக்கியிருந்துச்சு. நொண்டிக்கிட்டு இருந்தேன். பாத்தியா, பேசாட்டியும் நம்ம காலைக் கவனிச்சிருக்கான், நாளைக்கு நான் தாவ வேண்டாம்னு கயித்தை மாத்துதான்னு நெனச்சேன். நட்புன்னா இதுதாம்லேன்னு நெனச்சேன். "தேங்க்ஸ்லே மெல்டா"ன்னுகூட சொன்னேன். அவன் தலையைத் தூக்கல. "காலைல நீ போயி ரொட்டி வாங்கிட்டு வா"ன்னான். ரெண்டு நாளைக்கு அப்புறம் மொத மொதலா முழுசா ஒரு வார்த்தை. நொண்டிக்கிட்டே சந்தோசமா போனேன்.

பேக்கரியில சுடச்சுட ரொட்டி. அவனுக்குப் பிடிக்குமேன்னு சீஸ் வச்ச போளி மாதிரி ஒண்ணு தனியா கட்டச் சொன்னேன். வந்து பாக்கேன், துறையில ரெண்டு படகுக்கு நடுவுல ஓட்டைப் பல்லு மாதிரி ஒரு இடைவெளி. எங்க படகு வெளிய போயிக்கிட்டு இருக்கு. நங்கூரத்தைத் தூக்கியாச்சு. வளையத்துல கயிறு இல்ல. பின்னால நிக்குதது மெல்டன். கையில ஈரக் கயித்தைச் சுத்திக்கிட்டு நிக்குதான்.

மொதல்ல கிண்டல்னு நெனச்சேன். எனக்கே கிண்டலான்னு கைதட்டி விசில் அடிச்சேன். ரொட்டியைத் தூக்கிக் காட்டுனேன். அவன் பாத்தான். பாத்துக்கிட்டே இருந்தான். படகு வளைவுல மறையுத வரைக்கும் அவன் கண்ணை எடுக்கல, நானும் எடுக்கல. திரும்பி வரல.

காத்து அவுக்கல, அலை அவுக்கல. மெல்டன் கைதான் அவுத்துச்சு. நிஷாந்தன் சொல்லி அவுத்திருந்தாலும் எனக்குக் கவலை இல்ல, அவரு நேத்து வந்த ஆளு. ஆனா அவுத்த கை யாரு கை? அதைத்தான் என்னால செரிக்க முடியல.

துறையில என் பை இருந்துச்சு. ஒழுங்கா அடுக்கி, ஜிப்பு போட்டு. பாஸ்போர்ட், சார்ஜர், கப்பல் டிக்கெட். அந்தச் சிவப்புத் தொப்பி, துவைச்சுக் காயப்போட்டு மடிச்சு. சைடு ஜிப்புல வாந்தி மாத்திரை வேற. கடல்ல எனக்கு வாந்தி வரும், அதுவும் அவனுக்கு மட்டும்தான் தெரியும், தினமும் யாருக்கும் தெரியாம அவன்தான் குடுப்பான். நடுத்தெருவுல விட்டுட்டுப் போறவன் போற போக்குல அதையும் வச்சுக் குத்திக்காட்டுதான் பாருங்க. துறைமுகத்துல உக்காந்து ரொட்டி முழுக்க நானே தின்னேன். அந்தப் போளியை மட்டும் திங்கல. பறவைக்குப் போட்டேன். அதுவும் திங்கல, எனக்கு வாச்ச பறவை.

இப்பச் சொல்லுங்க. என் மேல என்ன தப்பு? ஒரு சிரிப்புக்குச் செஞ்சது.

அப்புறம் ஒரு மெசேஜ் போட்டான். "கல்யாணத்துக்கு வந்துரு. நிஷாந்தன் அண்ணனும் வாராரு." அவ்வளவுதான். தோழன் யாருன்னு ஒரு வரி இல்ல. எனக்குப் புரியாதா? நிக்கப் போறது அவருதான். நான் பதில் போடல. மூணு மாசமாப் பேசல.

ஆனா வாரேன்லா? எதுக்கு வாரேன் தெரியுமா? யாருக்கும் தெரியாம வாரேன். நாளைக்குப் பூசை நடக்கும்போது, இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு, அதே துணியில, பின்னால இருந்து நடந்து வந்து முன்னால நிக்கணும். அவன் மூஞ்சி போற போக்கைப் பாக்கணும். அதுக்குத்தான் யார்ட்டயும் சொல்லல. ஜெர்மனியில என் ரூம்ல இருக்க பயலுக மெசேஜ் போட்டிருக்கானுக. மெல்டன் கேட்டானாம். ஆளு இல்ல, பெட்டியும் இல்ல, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான்னு சொல்லியிருக்கானுக. எங்கம்மாவுக்கு அடிச்சிருக்கான். அவங்களுக்கும் ஒண்ணும் தெரியாது. கல்யாண வேலையைப் போட்டுட்டு இந்த ரெண்டு நாளா பழகுனவன் பழகாதவன் எல்லார்ட்டயும் கேக்கானாம். நல்லாத் தேடட்டும். கொஞ்சம் சூடு ஏறட்டும். சரியான நேரத்துல வெளிய வருவேன்.

இந்தா, மறுபடியும் அடிக்கான் பாருங்க.

என்ன அண்ணாச்சி, எடுக்கச் சொல்லுதீங்களா? இவ்வளவு நேரம் கேட்டுட்டு நீங்களும் அவன் கட்சியா?

என்ன சொன்னீங்க?

இல்ல, காதுல விழுந்துச்சு. எடுக்கலைன்னா மறுபடியும் குதிச்சிருவான்னு சொல்லுதீங்க.

இங்கன எங்க குதிக்க. ரெண்டு பக்கமும் உப்பளம். முட்டளவுதான் தண்ணி.

அதுவும் குதிச்சாலும், அவனுக்கு என்ன, நல்லா நீந்துவான். அவனுக்குத் தெரியும். தெரியாதது எனக்குத்தான். அது அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான்...

நிக்கலையே இன்னும். அடிச்சுக்கிட்டே இருக்கானே.

அண்ணாச்சி, இந்தக் கோட்டை ஒரு நிமிஷம் பிடிச்சுக்கிடுங்க. மடிச்சிராதீங்க.